பாறையும் பேரலையும்: பேராக் மண் கற்றுத் தந்த பாடம்

1973-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் ஈப்போ, குனோங் சீரோவில் ஒரு பெருந்துயரம் நடந்தது. நகருக்குப் பக்கத்திலேயே செங்குத்தாக நிற்கும் அந்தச் சுண்ணாம்புக் குன்றின் முகப்பிலிருந்து மாபெரும் பாறை ஒன்று பெயர்ந்து, அடிவாரத்திலிருந்த நீண்ட வரிசை வீட்டின் மேல் விழுந்தது. குடியிருந்த மக்களோடு அவர்கள் வளர்த்த கால்நடைகளும் நசுங்கின. மாண்டவர்கள் ஏறத்தாழ 40 பேர்.

31 ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. அதில் எழுந்த ஆழிப்பேரலை மலேசியக் கரைக்கும் வந்தது. நாட்டில் 68 பேர் மாண்டனர். பினாங்கில் 52 பேர், கெடாவில் 12 பேர், பேராக்கில் 3 பேர், சிலாங்கூரில் ஒருவர்.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒன்று தலைக்கு மேலிருந்து நொடிப்பொழுதில் விழுந்தது. மற்றொன்று பல மணி நேரம் கடலைக் கடந்து வந்தது. ஆனால், பேராக் மாநிலத்தின் 100 ஆண்டு வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன. மண்ணையும் கடலையும் படித்தவர்கள் அறிந்தது, அந்த மண்ணிலும் கடலோரத்திலும் குடியிருப்பவரின் வாசலுக்கு வந்து சேர்கிறதா?

ஈயம் தேடிப் பிறந்த அறிவு

மலேசியாவில் நிலவியல் ஆய்வு பேராக்கில்தான் வேரூன்றியது. 1903-இல் ஜே.பி. ஸ்கிரிவெனர் என்ற ஆங்கிலேயர் மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் நிலவியலாளராக நியமிக்கப்பட்டார். அவருடைய அலுவலகம் பத்து காஜாவில் அமைந்தது. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அன்று உலகத்திற்கே ஈயம் கொடுத்த வட்டாரங்களில் கிந்தா பள்ளத்தாக்கு முன்வரிசையில் நின்றது. எந்தப் பாறைக்கு அருகே ஈயம் கிடக்கும், எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. கிந்தா மாவட்டத்தின் நிலவியலையும் சுரங்கத் தொழிலையும் பற்றி அவர் எழுதிய நூல் 1913-இல் வெளிவந்தது. பின்னாளில் ஆய்வுத்துறை ஈப்போவில் நிலைகொண்டது.

ஆக, ஈப்போ நிலவியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற நகரம். ஆனால், அந்த அறிவு பிறந்த நோக்கம் ஈயம். மண்ணுக்கு மேல் வாழும் மனிதனின் பாதுகாப்பு அன்று அதன் முதல் வேலையாக இருக்கவில்லை. இது எந்த ஒரு தனிமனிதர் மீதும் சுமத்தும் குறையன்று. காலனி ஆட்சி எதற்காகச் செலவு செய்ததோ, அதையே அறிஞர்களும் ஆராய்ந்தார்கள்.

ஈப்போவைச் சுற்றி நிற்கும் குன்றுகள் சுண்ணாம்புக் கற்பாறைகளால் ஆனவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பைக் கரைத்து வெடிப்பை அகலமாக்குகிறது. அடிவாரத்திலும் நீர் தேங்கிப் பாறையை அரிக்கிறது. மேலே பிடிப்பு விட்டுப்போகிறது, கீழே தாங்கல் போய்விடுகிறது. பிறகு ஒரு நாள் பாறை தகடாகப் பிரிந்து விழுகிறது. குகைகளை உண்டாக்கி ஈப்போவுக்கு அழகு சேர்த்த அதே நீர்தான் பாறையையும் பெயர்க்கிறது.

மண்சரிவு சில வேளைகளில் முன்னறிவிப்புத் தரும். மரம் சாயும், தரையில் வெடிப்பு ஓடும், ஊற்றுநீர் கலங்கும். சுண்ணாம்புப் பாறை பெரும்பாலும் அப்படி எதையும் சொல்வதில்லை. குன்றின் அடியில் எவ்வளவு தூரம் தள்ளிக் குடியிருக்கிறோம் என்பதுதான் அங்கே உயிரைக் காக்கும்.

மலையடிக்கு மக்கள் வந்த கதை

அப்படியிருந்தும் மலையடியில் மக்கள் ஏன் குடியிருந்தார்கள்? வேறு இடம் இல்லாததால்தான். ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் பேராக்கிற்கு ஆயிரக்கணக்கான மக்களைக் கொண்டு வந்தன. 1877-இல் கோலா கங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த தலைமுறையில் சுங்கை சிப்புட், தைப்பிங், தெலுக் இந்தான் வட்டாரங்கள் எங்கும் தோட்டங்கள் பரவின. கடலோரத்தில் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. அங்கெல்லாம் தமிழர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். லயம் எங்கே கட்டப்பட வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகம்தான் முடிவு செய்தது.

1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பெரிய தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. பல குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. அந்தத் துயரத்திற்கு மாற்றாகத்தான் சுங்கை சிப்புட் தொகுதியின் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்கள் வாங்கப்பட்டன. எனினும், எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. வெளியேறியவர்கள் பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கினார்கள். ஆற்றங்கரை, பழைய ஈயச் சுரங்க நிலம், மலையடிவாரம் ஆகியவைதான் ஏழைக்கு எட்டிய இடங்கள். உலகம் முழுவதும் பேரிடர் முதலில் இத்தகைய இடங்களைத்தான் தேடி வருகிறது.

இந்த இடப்பெயர்ச்சியில் இன்னொன்றும் தொலைந்தது. தோட்டத்தில் விடியுமுன் தப்பு அடிக்கும் அல்லது மணி ஒலிக்கும். எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அது தொழிலாளியைக் காப்பதற்காக ஏற்பட்ட முறை அன்று. வேலை வாங்குவதற்காக ஏற்பட்டது. ஆயினும், ஒரு செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வழியிருந்தது. ஆளைக் கணக்கெடுக்கவும் வழியிருந்தது. அடுக்குமாடி வீட்டிலும் தாமானிலும் பக்கத்து வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறாரா என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

1973-க்குப் பிறகு

குனோங் சீரோ விபத்து ஆய்வாளர்களின் பார்வையைத் திருப்பியது. ஈயம் எங்கே என்று கேட்டவர்கள், பாறை எங்கே விழும் என்றும் கேட்கத் தொடங்கினார்கள். நிலவியல் ஆய்வுத்துறை அந்த விபத்தை ஆராய்ந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் மற்றக் குன்றுகளின் உறுதியும் ஆராயப்பட்டது. ஆபத்தான முகப்புகள் எவை, குன்றிலிருந்து எவ்வளவு தூரத்திற்கு வீடு கட்டக்கூடாது என்பவை பேசப்படும் பொருள்களாயின.

ஆயினும், அடுத்த பாடங்களும் உயிர்களை விலையாக வாங்கியே வந்தன. 1996 பேராக்கிற்குக் கொடிய ஆண்டு. ஜனவரி 6-ஆம் நாள் குவா தெம்புரோங் அருகே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மண் சரிந்து ஒருவர் மாண்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடிக் குடியிருப்பை, மலையிலிருந்து சேறும் மரத்துண்டுகளுமாகப் பாய்ந்து வந்த வெள்ளம் அடித்துச் சென்றது. 44 பேர் பலியானார்கள். கடும் மழையில் மலைச்சரிவுகள் இடிந்து, மண்ணும் மரமும் ஆற்றோடு கலந்து இறங்கியதால் நேர்ந்த கொடுமை அது.

நாட்டளவிலும் மாற்றங்கள் வந்தன. 1993 டிசம்பர் 11-இல் சிலாங்கூரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டபின், பேரிடர் மீட்புக்கென்று சிறப்புக் குழு அமைக்கப்பட்டது. 2004-இல் பொதுப்பணித் துறையில் மலைச்சரிவுகளைக் கவனிக்கத் தனிப் பிரிவு தோன்றியது. 2009 முதல் 2023 வரைக்குமான தேசியச் சரிவுப் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. 2015-இல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் உருவானது. இவை நல்ல முயற்சிகளே. ஆனால், ஒவ்வொன்றும் ஒரு துயரத்திற்குப் பின்னால் வந்தவை என்பதை மறக்கலாகாது.

நேரம் இருந்தது, செய்தி இல்லை

மலையைப் பற்றி இவ்வளவு பட்ட பிறகும் கடலைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை. சுமத்ரா தீவு ஒரு மதில் போல் குறுக்கே கிடக்கிறது, மலாக்கா நீரிணை அமைதியான நீர் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று மலேசிய நேரம் காலை 8.58 மணிக்கு நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 9.1. கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலம் விலகியது. இந்தோனேசியா, இலங்கை, தமிழ்நாடு, தாய்லாந்து என்று கரைகள் அழிந்தன. மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது.

மலேசியாவின் வடமேற்குக் கரையை அலை அடைந்தது நண்பகல் கடந்த பிறகுதான். ஆழிப்பேரலை ஆழ்கடலில் மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் போல் பறக்கும். நீர் ஆழம் குறையக் குறைய வேகம் குறையும். மலாக்கா நீரிணையின் வடபகுதி ஆழம் குறைந்தது. அதனால் அலை தள்ளாடித்தான் வந்தது. கரையிலிருந்தவர்களுக்கு மூன்று மணி நேரத்திற்கும் மேல் அவகாசம் இருந்தது. கடற்கரையைக் காலி செய்ய அரை மணி நேரம் போதுமே!

ஹவாயில் பசிபிக் பெருங்கடலுக்கான எச்சரிக்கை மையம் 1949 முதல் இயங்கி வந்தது. நிலநடுக்கம் ஏற்பட்டு சுமார் 15 நிமிடங்களில் அது முதல் அறிக்கையையும் வெளியிட்டது. ஆனால், அதன் பொறுப்பு பசிபிக் நாடுகளோடு நின்றது. நிலநடுக்கத்தின் முழு அளவும் அப்போது தெரியவில்லை. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கென்று ஓர் அமைப்பு அன்று இல்லை. செய்தியைப் பெறும் ஆளும் இல்லை, கரைக்குச் சொல்லும் வழியும் இல்லை. குனோங் சீரோவில் பாறை நேரம் கொடுக்கவில்லை. கடலோ நேரம் கொடுத்தது. அதைப் பயன்படுத்தத்தான் ஏற்பாடு இல்லை.

குகை காத்து வைத்த கணக்கு

அத்தகைய அலை முன்பும் வந்ததுண்டா? அந்தக் கேள்விக்கு விடை சொன்னதும் ஒரு சுண்ணாம்புக் குகைதான். ஆச்சே மாநிலத்தில், பண்டா ஆச்சேக்குத் தெற்கே கடலோரமாக அந்தக் குகை உள்ளது. சிங்கப்பூர் புவி ஆய்வு மையத்தைச் சேர்ந்த சார்லஸ் ரூபினும் அவருடைய குழுவினரும் அதன் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். ஈப்போ குகைகளில் இருப்பது போலவே அங்கும் வௌவால் எச்சம் படிந்து கிடந்தது. அந்தக் கறுத்த படிவங்களுக்கு நடுவே கடல் மணல் அடுக்கடுக்காக இருந்தது. குகைக்குள் மணலைக் கொண்டுவந்து சேர்த்தது ஆழிப்பேரலை.

2017-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 7,400 ஆண்டுகளுக்கும் 2,900 ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலப்பகுதியில் குறைந்தது 11 ஆழிப்பேரலைகள் அந்தக் குகைக்குள் புகுந்திருக்கின்றன. ஆனால், அவற்றுக்கிடையே ஒழுங்கான இடைவெளி இல்லை. ஒரு சமயம் 2,000 ஆண்டுக்கு மேல் ஒன்றுமே வரவில்லை. வேறொரு சமயம் ஒரே நூற்றாண்டுக்குள் பல அலைகள் வந்திருக்கின்றன. 2004-இல் வந்துவிட்டது, இனி நம் பேரன் காலம் வரை கவலையில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நாள் குறித்துச் சொல்ல அறிவியலால் முடியாது. எப்போதும் ஆயத்தமாக இருங்கள் என்று மட்டும் அது சொல்கிறது.

தாலாட்டும் ஒலிபெருக்கியும்

கருவி இல்லாமலேயே பிழைத்தவர்கள் உண்டு. நிலநடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகே சிமெலு என்ற தீவு இருக்கிறது. அலை அங்குச் சில நிமிடங்களில் வந்தது. தீவில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். மாண்டவர்கள் 7 பேர் என்பதே பதிவு. 1907-இல் அந்தத் தீவைப் பேரலை தாக்கியிருந்தது. பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயர் வைத்து, கதையிலும் தாலாட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து அந்தச் சொல் ஊரைக் காத்தது.

மற்றொரு சம்பவம் தமிழர்களுடையது. புதுச்சேரி வட்டாரத்தில் நல்லவாடு என்பது மீனவக் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் நடத்தி, அலை உயரத்தையும் வானிலையையும் மீனவர்களுக்கு ஒலிபெருக்கி வழி அறிவித்து வந்தது. 2004-இல் அவ்வூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுமத்ரா செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர் மக்கள் அந்த ஒலிபெருக்கியை இயக்கி எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊர் பிழைத்தது.

நல்லவாடு எதனால் பிழைத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு ஒலிபெருக்கியும்தான் அங்கு வேலை செய்தன. அந்த ஒலிபெருக்கி புதிதாக வாங்கியதன்று. நாள்தோறும் பயன்பட்டு வந்தது. மக்கள் அதன் குரலை நம்பிப் பழகியிருந்தார்கள். ஆபத்து நேரத்தில் அந்தப் பழக்கமே கைகொடுத்தது.

கருவிகளும் காடும்

2004-க்குப் பிறகு நிலைமை மாறியது உண்மை. 2005-இல் மலேசிய வானிலை ஆய்வுத் துறை தேசியச் சுனாமி எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. நில அதிர்வு நிலையங்கள் கூடின. கடலோரங்களில் சைரன்கள் நிறுவப்பட்டன. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அலையின் போக்கைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகளை உருவாக்கினார்கள். 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் சுனாமித் தகவல் வழங்கத் தொடங்கின. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது மலேசியாவின் வடமேற்குக் கரைக்கும் எச்சரிக்கை பறந்தது. கடலடி மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. எனினும், செய்தி நேரத்தில் வந்தது.

கருவியை மட்டும் நம்பவும் முடியாது. 2018 செப்டம்பர் 28-இல் சுலாவெசி தீவின் பாலு நகரைப் பேரலை தாக்கியபோது, இந்தோனேசியாவின் எச்சரிக்கை மிதவைகள் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அலையோ சில நிமிடங்களில் வந்துவிட்டது. அங்கே ஓடத் தெரிந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு இருந்தது.

இயற்கை கொடுத்த அரண் ஒன்றும் பேராக்கில் இருக்கிறது. தைப்பிங்கிற்கு மேற்கே சுமார் 40,000 ஹெக்டர் பரப்பில் மாத்தாங் சதுப்புநிலக் காடு விரிந்து கிடக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விறகுக்காகவும் கரிக்காகவும் முறைப்படி வெட்டி, மீண்டும் நட்டுக் காக்கப்படும் காடு அது. 2004-க்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையில் நடந்த ஆய்வுகள், மரங்கள் அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைந்ததைக் காட்டின. எவ்வளவு குறைந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மிகப் பெரிய அலையை எந்தக் காடும் தடுத்துவிடாது. ஆனால், காட்டை அழித்த கரை வெறுங்கரைதான். கரிக்காகக் காத்த காட்டை இனிக் கரைக்காகவும் காக்க வேண்டும்.

மீண்டும் ஒரு பெரட்டு

ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்திற்கு ஆயிரக்கணக்கான பக்தர்கள் ஈப்போ கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயத்தில் கூடுகிறார்கள். காவடிகள் வந்து சேரும் அந்த இடம் குனோங் சீரோவின் அடிவாரம்தான். 1973-இல் பாறை விழுந்தது இதே குன்றில் என்பது அங்கு வரும் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்திக்குப் பயம் காட்ட வேண்டியதில்லை. எங்கே கூட்டம் நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது, எந்த வழியாக வெளியேறலாம் என்பதை எல்லாரும் அறிந்திருந்தால் போதும்.

பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகள் பழைய தோட்டங்களில் பிறந்தவை. ஈப்போவில் புவி அறிவியல் அரும்பொருளகமும் இருக்கிறது. மாணவர்களை அங்கு அழைத்துச் சென்று, அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள குன்றும் ஆறும் கடலும் எப்படிப்பட்டவை என்று தமிழில் சொல்லிக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. பிள்ளை கற்றது அன்றிரவே பாட்டிக்கும் போய்ச் சேரும்.

கோயில் ஒலிபெருக்கி ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு. அது வெள்ள எச்சரிக்கையையும் சொல்லலாம். குடியிருப்புச் சங்கங்கள் தங்கள் பகுதியில் தனித்து வாழும் முதியவர் யார், நடக்க முடியாதவர் யார், அவரை அழைத்துச் செல்ல வேண்டியவர் யார் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கலாம். நிவாரண மையம் எது என்பது மழைக்காலத்திற்கு முன்பே எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்குவதைக் கண்டாலோ, சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போக வேண்டும். வேடிக்கை பார்க்கக் கடலுக்குள் இறங்கக் கூடாது.

அன்று நிலவியல் ஈயத்துக்காக வளர்ந்தது. தோட்டத்துப் பெரட்டு ரப்பர் பாலுக்காக நடந்தது. மண்ணை அளந்த அறிவும் மனிதரை எண்ணிய பழக்கமும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. இன்று அறிவு ஈப்போவிலேயே இருக்கிறது, கருவிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஆபத்து நேரத்தில் ஆட்களை எண்ணிப் பார்க்கும் ஒருவர் மட்டும் இருந்துவிட்டால், அடுத்த முறை மண்ணோ கடலோ சீறும்போது விடுபட்ட பெயரை உடனே தெரிந்துகொண்டு தேடிப் போக முடியும்.